மன்றாட்டில் வாசித்த பெயர்: ஆவிக்குரிய அசதியைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: மன்றாட்டு வாசிப்பவன், யாழ்ப்பாணம்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு சபையில் 14 ஆண்டுகளாக ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு வாசித்து வருகிறேன். நோயாளர்களின் பெயர்களையும் துயரப்படுவோரின் பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். நான் பெயர்களை வாசித்து முடித்ததும் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சபையார் பதில் சொல்வார்கள். தொடக்க காலத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போய், படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்தே மறுநாள் வாசிப்பேன். பிறகு வேலை, பிள்ளைகளின் படிப்பு, சபைக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர, அந்தப் போக்குவரத்து எப்போது நின்றது என்பதே எனக்கு நினைவில்லை.

இரண்டு கிழமைகளுக்கு முன்பு ஞாயிறன்று வழக்கம்போல 11 பெயர்களை வாசித்தேன். ஏழாவது பெயர் ஒரு முதிய அம்மாவுடையது. அவருக்குப் பூரண சுகத்தைத் தந்து பலப்படுத்தும்படி வேண்டினேன். சபையாரும் பதில் சொன்னார்கள். அந்த அம்மாவை அடக்கம் செய்து அன்றைக்கு 24 நாள்கள் ஆகியிருந்தன. அடக்க ஆராதனையில் மன்றாட்டு வாசித்ததும் நான்தான். சேமக்காலையில் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆராதனை முடிந்து கொப்பியை லாச்சிக்குள் வைக்கப் போனபோதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. வாசலில் நின்ற மூன்று நான்கு பேரிடம் கேட்டேன், ஒருவரும் கவனித்திருக்கவில்லை. அந்த அம்மாவின் மகள் மூன்றாவது வாங்கில் இருந்தார் என்றும், மன்றாட்டு முடியும்வரை குனிந்த தலை நிமிரவில்லை என்றும் வீட்டுக்கு வந்த பின்பு என் மனைவி சொன்னார்.

அன்று முதல் எனக்கு நித்திரை சரியாக இல்லை. வெளிப்படையான பாவம் எதிலும் நான் விழவில்லை. நாள்தோறும் வேதபாகம் வாசிக்கிறேன், காணிக்கை கொடுக்கிறேன், ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆனால் இவற்றில் எதுவும் என்னைத் தொடுவதில்லை என்பதும், தொடவில்லையே என்ற கவலைகூடப் பல ஆண்டுகளாக எனக்கு இருக்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தன. வேதம் வெதுவெதுப்பு என்று சொல்வது இதைத்தானா? இதிலிருந்து ஒருவர் எப்படித் திரும்புவது? நான் இந்தப் பொறுப்பை விட்டு விலக வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற போதகர், வட்டுக்கோட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டே எழுதுகிறேன். 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்க பீடத்தில் நின்றவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது. என்னுடைய தவறு கொப்பியில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

வெதுவெதுப்பு, அதாவது குளிருமின்றி அனலுமின்றி இருப்பது, லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்ட நிருபத்தில், வெளிப்படுத்தல் 3ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த நகரத்துக்கு வடக்கே எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன; கிழக்கே கொலோசேயில் மலையிலிருந்து குளிர்ந்த நீர் வந்தது. இடையில் இருந்த லவோதிக்கேயாவுக்கு நீர் குழாய் வழியாகவே வந்து சேர்ந்தது. அந்தக் கற்குழாய்கள் இன்றும் அங்கே கிடக்கின்றன. அவற்றின் உட்புறத்தில் சுண்ணாம்பு கனமாகப் படிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நம்முடைய கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஒருநாள் படிவதைக் கண்ணால் காண முடியாது. குழாயின் வெளிப்புறம் எப்போதும்போல உறுதியாகவே இருக்கும். உள்ளேதான் வழி சுருங்கிக்கொண்டு போகும். ஆவிக்குரிய அசதியின் ஆபத்து இதுதான் என்று நான் நினைக்கிறேன். பெரும் பாவம் செய்கிறவன் தான் விழுந்ததை அறிவான், ஊரும் அறியும். அசதியில் இருப்பவனுக்கோ விழுந்த சத்தமே கேட்பதில்லை. அதனால்தான் அந்தச் சபை தன்னைப் பற்றி “எனக்கு ஒரு குறைவுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. கி.பி. 60ஆம் ஆண்டில் பூமியதிர்ச்சியால் அந்த நகரம் இடிந்தபோது, ரோம அரசின் உதவியைப் பெறாமல் தன் சொந்தச் செல்வத்தால் எழும்பிய ஊர் அது. மனதார நம்பியே சொன்னார்கள், அதுதான் பயங்கரம்.

இன்னொரு சொல்லையும் உங்களுக்குத் தர விரும்புகிறேன். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியு என்ற துறவி, துறவிகளை அலைக்கழிக்கும் எட்டுத் தீய நினைவுகளில் ஒன்றாக இந்த அசதியை எண்ணினார். 91ஆம் சங்கீதத்தில் மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம் என்று வருகிறதே, அதனோடு இதைச் சேர்த்துப் பேசினார்கள். நள்ளிரவுச் சோதனை வேறு. இது நடுப்பகலில், எல்லாம் வெளிச்சமாகவும் ஒழுங்காகவும் இருக்கும்போது வருவது. வெயில் நகராததுபோல் தோன்றும், செபம் நீளும், சகோதரரிடம் அன்பு இல்லை என்ற முறைப்பாடு மனத்தில் எழும். அவர்கள் அதற்கு வைத்த கிரேக்கப் பெயர் அக்கேதியா. கேதோஸ் என்றால் அக்கறை. அதே சொல்லுக்குத் துக்கம் கொண்டாடுதல், இறந்தோருக்குச் செய்யவேண்டிய கடமை என்ற பொருள்களும் உண்டு. அந்த அக்கறை இல்லாமற் போவதுதான் அக்கேதியா. அடக்கம் செய்த ஒருவரின் பெயரைச் சுகத்துக்காக வாசித்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, பல ஆண்டுகளாக நான் அறிந்திருந்த அந்தச் சொல்லின் பொருள் எனக்கு முதன்முறையாக விளங்கியது.

ஆபத்து உங்களோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிசாசு விட்டுப்போன வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நினையுங்கள். அந்த வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டுத்தான் இருந்தது; அதில் குடியிருக்கத்தான் ஒருவரும் இல்லை. நம் பிள்ளைகள் அந்த வெறுமையை மிக விரைவில் கண்டுபிடித்து விடுகிறார்கள். தகப்பன் வேதத்தைத் திறக்கும்போது அவருடைய முகம் மாறுகிறதா, அல்லது மின்சாரப் பட்டியலைப் பார்க்கும் முகத்தோடுதான் பார்க்கிறாரா என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு தலைமுறை உள்ளம் இல்லாமல் ஒழுங்கைக் காத்தால், அடுத்த தலைமுறை அந்த ஒழுங்கையும் விட்டுவிடும்.

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தின் அக்கினி ஒருபோதும் அவிந்துபோகலாகாது என்ற கட்டளையை நாம் அடிக்கடி பிரசங்கிப்போம். அதற்கு முந்திய வசனங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவோம். ஆசாரியன் முதலில் சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு சாம்பலை அள்ள வேண்டும். பின்பு உடையை மாற்றிக்கொண்டு அதைப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். விறகு அடுக்குவது அதற்குப் பிறகே சொல்லப்படுகிறது. சாம்பல் குப்பை அல்ல என்பதைக் கவனியுங்கள். அது நேற்றைய பலி. நேற்று உண்மையாகவே எரிந்தது. அதுவே அள்ளப்படாமல் கிடந்தால் இன்றைய நெருப்பை மூடிவிடும். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களாகிய நம்மிடம் இந்தச் சாம்பல் மிக அதிகம். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தது, 1823இல் இந்த வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை அமைந்தது, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தன்னைக் கொடுத்ததின் சாம்பல். அந்தச் செமினரியே 1855இல் மூடப்பட்டது. கல்வி ஓங்கி, சுவிசேஷ நோக்கம் பின்தள்ளப்பட்டுவிட்டது என்ற கவலை அதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று. மூடியது சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் அந்தக் கவலையாவது அவர்களுக்கு இருந்தது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். விலக வேண்டாம். எபேசு சபை ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டது; அதற்கு ஆண்டவர் சொன்ன மருந்து “ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக” என்பது. ஆதியில் உணர்ந்ததை மறுபடியும் உணரும்படி அவர் கேட்கவில்லை. உணர்வை வரவழைக்க யாராலும் முடியாது. கிரியையைச் செய்ய முடியும். உங்களுடைய ஆதிக் கிரியை எது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. அந்தச் சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறதா?

பதில் 2: வடமராட்சி வாலிபன்

போதகர் ஐயாவை மதிப்போடு ஒரு விடயத்தில் மறுக்க விரும்புகிறேன். எனக்கு வயது 26. நான் பிறந்து வளர்ந்த சபையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஆனால் ஒருவரும் அழுததை நான் கண்டதில்லை. ஓர் எழுப்புதல் கூட்டத்தில்தான், மூன்று இரவுகள் தொடர்ந்து நின்று செபித்தபோது, ஆண்டவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் அறிந்துகொண்டேன். “ஆவியிலே அனலாயிருங்கள்” என்பது ரோமர் 12:11இல் உள்ள கட்டளை. உணர்வு வராவிட்டாலும் கிரியையைச் செய்துகொண்டே இருங்கள் என்று சொன்னால், இந்த அண்ணா 14 ஆண்டுகளாகச் செய்ததும் அதைத்தானே? அவருக்கு வேண்டியது இன்னொரு கடமை அல்ல. தேவ பிரசன்னத்தில் உடைக்கப்படும் ஓர் அனுபவம். அண்ணா, மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு உபவாசித்துச் செபியுங்கள். நாங்கள் சிலர் உங்களோடு சேர்ந்து செபிக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

பதில் 3: ஓய்வுபெற்ற தாதி, மானிப்பாய்

தம்பி, நான் 33 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள். வேத விளக்கம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வார்ட்டில் கண்டதைச் சொல்கிறேன்.

நீரிழிவு முற்றியவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறையும். ஒரு நாள் ஒரு தோட்டக்காரர் வந்தார். வலது காலைக் கழுவி, வெள்ளைத் துணியால் சுற்றி, மிகத் துப்புரவாக வந்திருந்தார். துணியை அவிழ்த்தபோது பாதத்தின் நடுவில் ஒரு முள், சுண்டுவிரல் நீளத்துக்கு, பல நாள்களாக உள்ளேயே இருந்திருக்கிறது. அதைச் சுற்றிய சதை கறுத்துப் போயிருந்தது. ஏன் ஐயா முன்னமே வரவில்லை என்று கேட்டேன். நோகவில்லை பிள்ளை, அதனால் வரவில்லை என்றார். அவருடைய காலைக் காப்பாற்ற முடியவில்லை. முள் அந்தக் காலை அழித்தது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, நோகாததுதான் அழித்தது. ஆத்துமாவின் அசதியைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த வெள்ளைத் துணிதான் கண்ணுக்குள் வருகிறது.

உங்களுக்கு நொந்திருக்கிறது. நித்திரை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூடிய காயத்தைத் தொட்டுப் பார்க்கும்போது நோயாளி முகம் சுளித்தால், வெளியில் சொல்லாவிட்டாலும் எங்களுக்கு உள்ளூர ஓர் ஆறுதல் வரும். நரம்பு இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். ஆகவே உங்களை லவோதிக்கேயரோடு முழுதாகச் சேர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது, தம்பி வாலிபனும் இதைக் கவனிக்க வேண்டும். எதுவும் தொடவில்லை, எதிலும் மனம் இல்லை என்று சொல்லும் எல்லாரும் அசதியில் இருக்கிறார்கள் என்று நாம் முடிவுகட்டக் கூடாது. இந்த மண்ணில் 1995 ஒக்டோபர் 30இல் போரினால் ஒரே இரவில் வீட்டை விட்டு, மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இருக்கிறார்கள். காணாமற் போன மகனுக்காக இன்றும் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுடைய செபம் வறண்டு போயிருந்தால் அதற்குப் பெயர் வெதுவெதுப்பு அல்ல. அது துக்கம், சில வேளைகளில் மன அழுத்தம் என்ற நோய். சாப்பாடு செல்லாமல், நித்திரை இல்லாமல், பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாமல் இரண்டு கிழமைகளுக்கு மேல் போனால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற நினைவு வந்தால் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்டவரிடம் உன் விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்று சொல்வதும், மூன்று நாள் பட்டினி இருக்கச் சொல்வதும் கொடுமை.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் நித்திரை கொண்டார், மறுபடியும் எழுப்பப்பட்டுச் சாப்பிட்டார். நீ இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தது. உங்கள் நித்திரையின்மை இன்னும் தொடர்கிறதா, தம்பி? தொடர்ந்தால் அதையும் கவனியுங்கள்.

பதில் 4: பாசையூரான்

நான் கத்தோலிக்கன், கடற்றொழில் குடும்பம். தகப்பனாரோடு இளவயதில் கடலுக்குப் போனவன் என்பதால் எழுதத் துணிகிறேன்.

இரவில் வலையைப் போட்டுவிட்டு வள்ளத்தில் படுத்திருக்கும்போது, நீரோட்டம் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வள்ளமும் நகர்கிறது, தண்ணீரும் நகர்கிறது. பக்கத்தில் பார்த்தால் எல்லாம் அசையாமல் நிற்பதுபோலவே இருக்கும். அதனால் தகப்பனார் கரையில் இரண்டு அடையாளங்களைக் குறித்து வைப்பார். ஒன்று முன்னால், ஒன்று அதற்குப் பின்னால். இரண்டும் ஒரே நேரில் தெரிந்தால் வள்ளம் நின்ற இடத்தில் நிற்கிறது. ஒன்றுக்கொன்று விலகித் தெரியத் தொடங்கினால் நாம் இழுபடுகிறோம். எபிரெயர் 2:1இல் நாம் கேட்டவற்றை விட்டு விலகாதபடி கவனிக்க வேண்டும் என்று வருகிறதே, அங்கே மூலமொழியில் உள்ள சொல் நீரோடு வழுவிப்போவதைக் குறிக்கும் என்று எங்கள் பங்குச் சுவாமி ஒருமுறை மறையுரையில் விளக்கினார். எனக்கு உடனே தகப்பனார் கரையைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான் நினைவுக்கு வந்தது.

அண்ணருடைய கதையில் அந்த இரண்டு அடையாளங்களும் எவை என்று யோசித்தேன். ஒன்று செபம், மற்றது அந்தச் செபத்தில் சொல்லப்படும் ஆள். அவர் கொப்பியில் பெயர் நின்ற இடத்திலேயே நின்றது, ஆள் சேமக்காலைக்குப் போய்விட்டார். செபத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இழுபடுவது தெரியாது, ஏனென்றால் செபம் நம்மோடு வள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் மக்கள் ஒரு காலத்தில் வேறு விதமாக இருந்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்கள் இங்கே இருக்கத் தடை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 1687இல், கோவாவிலிருந்து புனித யோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளைப் போல வேடமிட்டு வந்தார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுத் திரிந்தார். அதை அறிந்துகொண்டவர்கள் அவரை உள்ளே அழைத்தார்கள். சில்லாலையில் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். பூசை இல்லை, குருவும் இல்லை, பிடிபட்டால் தண்டனை. அப்படியிருந்தும் ஒரு செபமாலையைக் கண்டவுடன் அவர்களுக்குள் ஏதோ துடித்தது. 2015 சனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்ணீர் விட்டோம். ஆனால் இன்று எங்கள் வீட்டில் செபமாலை சுவரில் தொங்குகிறது, கோவில் மணி நாளுக்கு மூன்று தரம் கேட்கிறது, நான் எழுந்து போவதில்லை. தடை இல்லாத காலத்தில் இந்த அசதி எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கேள்வி கேட்ட அண்ணருக்கு நன்றி. என்னையும் யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

பதில் 5: ஓய்வுபெற்ற போதகர், வட்டுக்கோட்டை

வாலிபத் தம்பியின் மறுப்பு நியாயமானது; என் பதிலில் குறை இருந்தது. உள்ளம் இல்லாத கடமையை இன்னொரு கடமையால் குணப்படுத்த முடியாது என்பது உண்மை. ஆண்டவர் உங்களை அந்த மூன்று இரவுகளில் சந்தித்ததை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். பனையோலையைக் கொளுத்தினால் ஒழுங்கை முழுதும் வெளிச்சமாகும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எங்கள் அம்மா இரவில் பொச்சுமட்டைத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, விடியற்காலையில் கிளறி, அதன்மேல் ஓலையை வைத்து ஊதுவார். தணல் இருந்ததால்தான் ஓலை பற்றியது. ஓலை இருந்ததால்தான் தணல் அடுப்பெரிக்கும் தீயானது. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதும் உள்ளே இருக்கும் வரத்தை அனல்மூட்டி எழுப்பிவிடும்படிதான். நீங்கள் செபிப்பதாகச் சொன்னது மிக நல்லது, செபியுங்கள். கேள்வி கேட்ட தம்பி அந்த அம்மாவின் மகளைப் போய்ப் பார்க்கட்டும். இரண்டும் வேண்டும்.

தாதி அம்மா எழுதியதை நான் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். ஊழியத்தில் இருந்த காலத்தில் துக்கத்தில் இருந்த எத்தனை பேருக்கு நான் வெதுவெதுப்பைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன் என்று நினைக்கும்போது மனம் கலங்குகிறது.

பதில் 6: மன்றாட்டு வாசிப்பவன், யாழ்ப்பாணம்

எழுதிய எல்லாருக்கும் நன்றி. அக்கா, நித்திரை இப்போது ஓரளவு வருகிறது. மீண்டும் குறைந்தால் வைத்தியரிடம் போவேன். தம்பி, வெள்ளிக்கிழமை மாலை நீங்களும் உங்கள் நண்பர்களும் செபிக்கும் நேரத்தில் நானும் வீட்டில் முழங்காலில் இருப்பேன்.

கடந்த வியாழக்கிழமை அந்த அம்மாவின் மகளுடைய வீட்டுக்குப் போனேன். படலையடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கூப்பிட்டேன். விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் ஒன்றரை ஆண்டுகள் இருந்தது என்றும், அந்தக் காலத்தில் சபையிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர் என்றும், ஞாயிறு மதியம் வீட்டுக்குப் போனதும் இன்று என் பெயரை வாசித்தார்களா என்று அம்மா கேட்பார் என்றும் சொன்னார். வாசித்தார்கள் என்று சொன்னால் அம்மாவுக்கு ஒரு சந்தோஷமாம். இதைச் சொல்லும்போது அவர் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். தேத்தண்ணீர் தந்தார். போகும்போது, மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அடுத்த மாதம் அம்மாவின் நினைவு ஆராதனைக்கு வாருங்கள் என்றார்.

கொப்பியில் மீதி இருந்தவை 10 பெயர்கள். இதுவரை நான்கு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஒருவர் சுகமாகி ஐந்து மாதங்களுக்கு முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டார். அவருக்காக நாங்கள் நன்றி செலுத்தியிருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. இரண்டு பேர் இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்கள். கொக்குவிலில் படுக்கையோடு இருக்கும் ஐயா ஒருவருக்குக் கண் தெரிவதில்லை. என் குரலை வைத்தே, நீர்தானே கோவிலில் பெயர் வாசிக்கிறவர் என்று கேட்டார். 121ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். நான் இரண்டு வசனம் வாசித்ததும் மீதியை அவரே மனப்பாடமாகச் சொல்லி முடித்து, இன்னொரு முறை ஆறுதலாக வாசியும் என்றார்.

அனல் திரும்பிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். செபிக்க இருக்கும்போது இன்னும் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறது. ஆனால் நேற்று மன்றாட்டில் அந்த ஐயாவின் பெயருக்கு வந்தபோது அவருடைய கை, கட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்த அந்தக் கை, கண்ணுக்குள் வந்துவிட்டது. அடுத்த பெயரை வாசிக்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. முன்வாங்கில் இருந்த சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இன்னும் ஆறு வீடுகள் இருக்கின்றன. சனிக்கிழமை கொழும்புத்துறைப் பக்கம் போகிறேன். சைக்கிள் இருக்கிறது, ஐயா. பின் ரயர் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.